குடிக்கத் தோன்றிய பாட்டில்

பிப்ரவரி 6

இன்று "நல்லா இருக்கு" என்றார். எழுதி வைக்க வேண்டிய நாள்தான். எங்கள் தலைமை வடிவமைப்பாளரின் வாயிலிருந்து ஐந்து மாதத்தில் வந்த முதல் முழு வாக்கியம். எதைக் காட்டினாலும் "ம்ம்" மட்டும்தான் வரும். பிடித்திருந்தால் சின்ன ம்ம், பிடிக்காவிட்டால் கொஞ்சம் இழுத்த ம்ம். நானும் ஸ்கேலும் அவருக்கு வைத்த பெயரே 'ம்ம்'.

ஸ்கேல் என் கூட்டாளி. பேக்கேஜிங் வடிவமைப்புப் படிப்பில் நாலு வருஷமாக ஒரே மேஜை. ஆள் நெட்டை, முதுகு வளையாது, பையிலிருந்து எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் எட்டிப் பார்க்கும். கடைசி வருஷ புராஜெக்டை இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம் என்று அறிவித்தபோது நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. இன்டர்ன்ஷிப்பும் ஒரே வடிவமைப்பு நிறுவனத்தில்.

தரை துடைக்கும் திரவத்துக்கு ஒரு பாட்டில். இருபத்தாறு மாதிரிகள் குப்பைக்குப் போயின. இருபத்தேழாவது தேறியது. கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக், குட்டையான உடம்பு, கைக்கு வாகாக இடுப்பில் ஒரு வளைவு. உள்ளே வெளிர்பச்சை. லேபிளில் பாதி வெட்டின எலுமிச்சை, அதன் மேல் இரண்டு நீர்த்துளி. துளி ஸ்கேலின் யோசனை, வளைவு என்னுடையது.

மார்ச் 20 அன்று கல்லூரியில் வைவா, வாய்மொழித் தேர்வு. இந்தப் பாட்டில்தான் எங்கள் புராஜெக்டும். வைவா முடிந்ததும் இரண்டு பேருக்கும் அங்கேயே வேலை என்று ம்ம் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். நாலு வருஷத்துக்கு முன்னால் "பாட்டில்ல படிக்கறதுக்கு என்னம்மா இருக்கு" என்று கேட்டவர், இன்றைக்கு பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு எல்லா டிரைவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 10

பாட்டில் கேட்டிருந்த துப்புரவுப் பொருள் கம்பெனியிலிருந்து விற்பனை மேலாளர் வந்தார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பார்த்தாலே எடுத்துக் குடிக்கணும் போல இருக்கே" என்றார். அறையே சிரித்தது. ஸ்கேல் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள் – சந்தோஷ மிதி.

மார்ச் 3 அன்று பாட்டிலுக்கான இரும்பு அச்சு வெட்டத் தொடங்குகிறார்களாம். லட்சக்கணக்கான பாட்டில்கள் அந்த ஒரே அச்சில்தான் பிறக்கும். வெட்டிவிட்டால் பிறகு ஒரு வளைவைக்கூட மாற்ற முடியாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பாட்டிலைப் படம் எடுக்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீடு என்றால் அக்கா வீடு. கல்லூரி பக்கம் என்று இங்கேதான் தங்கிப் படிக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. மேஜையில் வைத்துவிட்டு கேமராவை எடுக்க உள்ளே போனேன். உள்ளே போய் வர ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

அக்காவின் மகளுக்கு இரண்டரை வயது. வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். அதற்குள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பாட்டிலை இறக்கி, தரையில் சப்பணமிட்டு மடியில் வைத்திருந்தாள். அந்த இடுப்பு வளைவு அவள் கைகளுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. மூடியைக் கடித்துப் பார்த்தாள். வரவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"சித்தி, ஜூஸ். தொறந்து குடு."

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மாமா, முதல் கிராக்கி வந்தாச்சு என்றார். நானும் சிரித்தேன்.

படம் எடுக்கவில்லை.

பிப்ரவரி 16

உள்ளே இருந்தது கலர் தண்ணீர்தானே. வெறும் கலர் தண்ணீர்.

பிப்ரவரி 18

ஸ்கேலிடம் சொன்னேன். அவள் லேபிளுக்கு எழுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. உன் அக்கா பொண்ணு செருப்பைக்கூட வாயில் வைப்பாள், அதற்காக செருப்புக்கடையை மூடுவார்களா என்றாள். பின்பக்கம் எச்சரிக்கை போட்டிருக்கிறோமே என்றாள். எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதைக் குடிக்காது, குடிக்கிற பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்றேன்.

அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"இதை ம்ம் கிட்ட போய் சொல்லிடாத. சரியா?"

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

பிப்ரவரி 20

ஸ்கேலிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன்.

கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். அதை நடத்தும் அம்மாவிடம் புதன்கிழமை சாயங்காலமே பேசிவிட்டேன். பதினோரு பிள்ளைகளின் வீட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். இன்று காலை ஒரு தாழ்வான மேஜையில் நான்கு பொருள் வைத்தேன். ஒரு பால் பாட்டில், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சோப்புத்தூள் டப்பா, எங்கள் பாட்டில். எங்கள் பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கேக்குக்குப் போடும் பச்சைச் சாயம் ஒரு துளி. அவ்வளவுதான். போனை நிறுத்தி வைத்து வீடியோ எடுத்தேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்.

பதினோரு பேரில் எட்டுப் பேர் நேராக எங்கள் பாட்டிலுக்குப் போனார்கள்.

மூன்று பேர் மூடியைத் திறந்துவிட்டார்கள். ஒருத்தி, மூன்று வயது இருக்கும், நான் எழுந்து ஓடுவதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இனிக்கவே இல்ல."

தண்ணிதான். எனக்குத் தெரியும் தண்ணின்னு. நான்தான் காய்ச்சி ஊத்தினேன். அப்புறமும் அவ கையிலேர்ந்து பாட்டிலைப் பிடுங்கிட்டேன்.

பிப்ரவரி 21

வீடியோவை ஆறு தடவை பார்த்தேன். ஆறாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 23

ஸ்கேல் பார்த்துவிட்டாள். படம் ஏதோ தேடுகிறேன் என்று என் போனை எடுத்தவள் வீடியோவைத் திறந்துவிட்டாள். கடைசி வரை பார்த்தாள். போனை மேஜையில் வைத்தாள், மெதுவாக, உடைந்துவிடும் போல.

எப்போ எடுத்தே என்றாள். சொன்னேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா என்றாள். தோன்றியது, நீ தடுத்துவிடுவாய் என்று பயந்தேன் என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்னமோ. அவள் வீட்டில் வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள் அவள். அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம். தம்பி பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டானாம்.

"நீ நல்லவளா இருக்கறதுக்கு என் வேலைதான் கெடைச்சுதா?"

 

பிப்ரவரி 25

ம்ம் அறைக்கு நான் மட்டும் போனேன். வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். "ம்ம்" என்றார். எந்த ம்ம் என்று எனக்கே பிடிபடவில்லை.

பிறகு பேசினார், நிறையவே. வாங்குகிறவர்கள் கேட்டதைச் செய்து கொடுப்பதுதான் நம் வேலை என்றார். சட்டப்படி என்ன அச்சிட வேண்டுமோ அதை அச்சிட்டிருக்கிறோம், பாட்டிலை எங்கே வைப்பது என்பது வீட்டுக்காரர்கள் பாடு என்றார். இந்த வடிவம் அந்தக் கம்பெனியில் பெரிய இடம் வரைக்கும் போய் ஒப்புதல் வாங்கிவிட்டது என்றார். வைவா முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசலாம் என்றார்.

வைவா மார்ச் இருபது. அச்சு மார்ச் மூன்று. அவருக்கும் தெரியும்.

வெளியே வரும்போது கேட்டார், "இதை வேற யாராவது பார்த்தாங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிப்ரவரி 26

துறைத் தலைவரைப் பார்த்தேன். புராஜெக்டை மாற்ற வேண்டுமென்றால் மார்ச் 10க்குள் படிவம் கொடுக்க வேண்டும். கூட்டுப் புராஜெக்ட் என்பதால் இரண்டு கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் பழைய பாட்டிலோடுதான் வைவாவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு வருஷம்.

ஸ்கேல் மேஜை மாற்றிக்கொண்டுவிட்டாள். ஜன்னலோரம் உட்காருகிறாள்.

பிப்ரவரி 28

மூன்று நாளாக வேறு பாட்டில் செய்து பார்க்கிறேன். உள்ளே இருப்பது தெரியாத வெள்ளைப் பிளாஸ்டிக். பழம் கிடையாது. இடுப்பும் கிடையாது, நேர் உடம்பு. பார்க்க மருந்துக்கடை அலமாரியில் மறந்துபோன ஏதோ ஒன்று மாதிரி இருக்கிறது. மூடியை அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும்படி வைத்தேன். வாண்டு உட்கார்ந்து, தரையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, ஒரு திருகு – திறந்துவிட்டாள். நல்ல கெட்டிக்காரி. அழுகை வந்தது.

அட்டை வெட்டும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். அக்கா கட்டுப் போட்டாள். போடும்போதே, என்ன நடக்குது உனக்கு, சொல்லு என்றாள். சொன்னேன். வீடியோவைக் காட்டினேன்.

அக்கா போனைக் கீழே வைத்தாள். எழுந்து போய் தொட்டிக்குக் கீழே இருந்த சோப்பு, திரவம், எல்லாவற்றையும் எடுத்துப் பரண் மேல் வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சேனேடி."

பிறகு சொன்னாள்: வேலை போனா போகுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா இதை வெச்சு உனக்கு வேலை கெடைச்சா, அதை நான் யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டேன்.

மார்ச் 1

அப்பா போன் செய்தார். பேச்சுவாக்கில், வேலைக்குச் சேரும் தேதி சொல்லிவிட்டார்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மார்ச் 2

போய்விட்டேன்.

காலையில் எழுந்தபோது போவதாகக்கூட இல்லை. நிறுவனத்துக்குப் போகும் பஸ்ஸில்தான் ஏறினேன். பாதியில் இறங்கி, எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, துப்புரவுப் பொருள் கம்பெனி வாசலில் இறங்கினேன். விற்பனை மேலாளர் ஊரில் இல்லை. காவலாளி யாரைப் பார்க்கணும் என்றார். எனக்கு யார் பெயரும் தெரியாது. பொருளால் யாருக்காவது ஆபத்து என்றால் இங்கே யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தரப் பரிசோதனைக்கு போன் போட்டார்.

இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில். மூன்று தடவை எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒரு அம்மா வந்தார். தலையில் வலைத்தொப்பி, காதுக்குப் பின்னால் பேனா. ஐந்து நிமிஷம்தான் இருக்கு என்றார்.

வீடியோவைக் கொடுத்தேன். நின்றுகொண்டே பார்த்தார். அந்தப் பெண் குழந்தை குடிக்கிற இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடியும் பார்த்தார். மூன்றாவது தடவை உட்கார்ந்து பார்த்தார். எத்தனை பிள்ளைங்க, என்ன வயசு, மூடியைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். இந்தப் பாட்டில் தன்னிடம் வரவே இல்லை, நேராக மேலே போய்விட்டது என்றார். பிறகு மேஜை போனை எடுத்தார்.

"நாளைக்கு அந்த அச்சைத் தொட வேண்டாம். நான் எழுத்துல அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீ இங்க வந்தது உங்க ஆபீசுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். தெரிஞ்சா என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மார்ச் 4

தெரிந்துவிட்டது.

இன்டர்ன்ஷிப் முடிந்தது, பொருட்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் ம்ம். வேலைப் பேச்சு இனி இல்லை. எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும்.

அவளுக்கு இதில் ஒன்றுமே தெரியாது, நான் தனியாகத்தான் போனேன் என்று ம்ம்மிடம் சொன்னேன். கெஞ்சினேன். ஒரே குழு, ஒரே புராஜெக்ட் என்றார். அவ்வளவுதான்.

ஸ்கேல் போனை எடுக்கவில்லை. பதினாலு தடவை.

மார்ச் 5

நான் போயிருக்கக் கூடாதா? இல்ல. போயிருக்கணும். அவகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்லியிருந்தா போயிருப்பேனா?

மார்ச் 7

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் இருமினார். வண்டி எடுக்கணும், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார். சனிக்கிழமை அவருக்கு வண்டி கிடையாது.

மார்ச் 9

நாளை படிவத்துக்குக் கடைசி நாள். என் கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி வாக்கில் ஸ்கேல் வந்தாள். ஐந்து நாளைக்கு அப்புறம். எதிரில் உட்கார்ந்தாள். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். பேசாதே என்று கையைக் காட்டினாள். வெள்ளைப் பாட்டிலை எடுத்தாள், மூடியை நாலு தடவை திறந்து மூடினாள், இரும்பு ஸ்கேலை வைத்து விட்டம் அளந்தாள்.

"நான் உன்ன மன்னிக்கல. இந்த மூடிதான் சகிக்கல. அதான் வந்தேன்."

அழுத்தித் திருப்பினால் பிள்ளைகள் தரையில் வைத்து உடம்பால் அழுத்திவிடுவார்கள் என்றாள். இரண்டு பக்கமும் விரலால் கிள்ளிப் பிடித்தபடியே திருப்பினால்தான் திறக்க வேண்டும், அது சின்னக் கைக்கு எட்டாத அகலத்தில் இருக்க வேண்டும் என்றாள். அந்த அகலத்தைப் பென்சிலில் எழுதினாள். மாலை வரை வேலை செய்தோம். கத்தி குடு, பசை குடு தவிர வேறு பேச்சு இல்லை.

மார்ச் 14

காப்பகத்தில் மறுபடியும் பரிசோதனை. அதே பதினோரு பேர். பத்து நிமிஷத்தில் ஒருத்தன்கூடத் திறக்கவில்லை. எனக்குத் துள்ளலாம் போல இருந்தது. அப்போது காப்பகத்து அம்மா, நான் பார்க்கட்டுமா என்று வாங்கினார். அவருக்கு விரல் மூட்டில் வலி. அவராலும் திறக்க முடியவில்லை.

ஸ்கேல் பாட்டிலைப் பைக்குள் போட்டாள். வைவாவுக்கு ஆறு நாள்.

மார்ச் 17

பத்தொன்பது மூடி. ஸ்கேல் மாற்றி மாற்றிப் பார்த்தாள், கிள்ளும் இடத்தில் ரப்பர் மாதிரி சொரசொரப்பு வைத்தாள், அழுத்தத்தைக் குறைத்தாள். காப்பகத்து அம்மா திறந்துவிட்டார். ஆனால் பிள்ளைகளில் ஒருத்தி ஒன்பதாவது நிமிஷத்தில் திறந்தாள். யாரென்றால், இனிக்கவே இல்லை என்று சொன்னவள்தான்.

இதை மறைக்கலாமா என்று நான் கேட்கவில்லை. ஸ்கேலும் கேட்கவில்லை. அறிக்கையில் பதினொன்றில் ஒன்று என்று எழுதினோம்.

மார்ச் 20

வைவா. வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரு தேர்வாளர் நேராகப் பழைய பாட்டிலைத்தான் கையில் எடுத்தார். இது எவ்வளவு அழகா இருக்கு, இதை ஏம்மா விட்டீங்க என்றார். வீடியோவைப் போட்டேன்.  முடிந்ததும் அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, என் கற்பனையாகவும் இருக்கலாம்.

மதிப்பெண் சுமார். அவசர வேலை தெரிகிறதாம், லேபிளில் உயிர் இல்லையாம். அது சரிதான். தேறிவிட்டோம்.

படிக்கட்டில் அவள் முன்னால் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 22

மூன்றாவது இன்டர்வியூ. இன்டர்ன்ஷிப் ஏன் பாதியில் நின்றது என்று மூன்று இடத்திலும் கேட்டார்கள். மூன்று இடத்திலும் நடந்ததைச் சொன்னேன். மூன்று இடத்திலும், சொல்லி அனுப்பறோம் என்றார்கள்.

மே 6

துப்புரவுப் பொருள் கம்பெனியிலிருந்து அழைப்பு. தரப் பரிசோதனை அம்மா. எங்கள் அறிக்கையைக் கல்லூரியிலிருந்து வாங்கிப் படித்தாராம்.  அந்த மூடியைச் செய்தது யார் என்று கேட்டார்.

என் வாயிலிருந்து வருவதற்கு ஒரு மூச்சு நேரம் ஆனது. அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு மூச்சு.

ஸ்கேலின் எண்ணைக் கொடுத்தேன்.

மே 19

ஸ்கேலுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். அக்கா, நல்லதுதானே என்றாள். நல்லதுதான். குளியலறையில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றேன்.

ஜூன் 11

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன். சின்ன இடம், எட்டுப் பேர். முதலாளியம்மா பழைய கதை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளையும் கத்தியையும் நீட்டி, மூடியோடு ஒரு பெட்டி செய்து காட்டு என்றார். செய்தேன். பசையே போடலையே என்றார். தேவைப்படலை என்றேன். நாளைக்கு வந்துடு என்றார்.

அப்பா இப்போது டிப்போவில், என் பொண்ணு பெட்டி செய்றா என்கிறாராம்.

ஜூலை 9

மத்தியானம் பிஸ்கட் பெட்டிக்கு மடிப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ஸ்கேல் என்று வந்தது. நாலு மாசத்தில் முதல் தடவை. வெளியே வந்து, அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் நின்று எடுத்தேன். அவள் பின்னால் இயந்திரச் சத்தம் காதைப் பிளந்தது. அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

இன்றைக்கு அச்சிலிருந்து முதல் பாட்டில் வந்ததாம். இன்னும் சூடு ஆறவில்லையாம், கையில் வைத்திருக்கிறாளாம். எப்படி இருக்கு என்று கேட்டேன்.

"வெள்ளையா, மொட்டையா இருக்கு. பார்த்தா வாங்கவே தோணல."

 இயந்திரம்தான் ஓடியது. என் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லை என்றாள். சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பியா என்றாள். இருப்பேன் என்றேன். சாப்பிட வருகிறாளாம்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன்.